குடும்பக் குழி

காலையில் எழுந்ததிலிருந்து சவரியம்மாள் அந்தக் கல்லைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றாள். பத்தடி தகரக் கொட்டகையில் அது நடக்கிற காரியமா? அடுப்பை ஊதக் குனிந்தால் கல். குடத்தை எடுக்கத் திரும்பினால் கல். கறுப்பு கிரானைட்டில் தங்க நிற எழுத்து. மதலைமுத்து. பிறந்த நாள், இறந்த நாள், கீழே ஒரு சிலுவை. திண்டிவனத்தில் வெட்டி நேற்று சாயங்காலம் மினி வேனில் வந்து இறங்கியது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கொட்டகைக்குள் வந்த சாமான்களிலேயே கனமானது அதுதான்.

"கொத்தனாரு எட்டு மணிக்கே வர்றேன்னு சொல்லிட்டாரும்மா. இன்னிக்கி கடைக்கால் போட்டுட்டா நாளைக்கு காலையில கல்ல பதிச்சிடலாம். சாயங்காலம் கல்லறைத் திருநாளுக்கு ஃபாதர் மந்திரிக்க வரும்போது ரெடியா இருக்கும்" என்றான் பெலவேந்திரன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு துபாயிலிருந்து இருபது நாள் லீவில் வந்திருக்கிறான் மகன். அலை வந்த அன்று அவன் இங்கே இல்லை. கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளவே அவனுக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளை அவன் இன்னும் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தூக்கத்தில்கூட 'அம்மா, லைன் கட்டாவுது' என்று முனகுகிறான்.

"கடைக்கால் எவ்ளோ ஆழம்ப்பா?"

"ரெண்டடி, ரெண்டரை அடி. மணல் பாரு, ஆழமா போடலன்னா சாஞ்சிடும்."

டம்ளரில் ஊற்றிய டீ தளும்பியது. அவள் முந்தானையால் தரையைத் துடைத்தாள்.

"தோண்ட வேணாம்ப்பா."

"இன்னாம்மா நீ? வந்த நாள்லேர்ந்து இதையே சொல்லிக்கினு இருக்க."

"மண்ணு மேடும் மரச் சிலுவையும் போதும் உங்கப்பாவுக்கு. அவரு இன்னா கேட்டாரு? உப்பளத்துல குடிசை போடும்போதெல்லாம் சொல்வாரே, தை மாசம் போடறோம், மழைக்கு முன்னாடி பிரிக்கறோம், நம்ம ஊரு மேல இருக்குது சவரி, இங்க சீசன் வேலைக்கு வந்திருக்கோம்னு..."

"எனக்கும் தெரியும்மா அந்தக் கதை." அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அங்க எனக்கு ஒரு கட்டில். நான் டூட்டிக்குப் போனா அதே கட்டில்ல ஒரு பெங்காலி வந்து படுப்பான். என் தலை சூடு ஆறாம அவன் தலை. இங்க வந்தா உனக்குத் தகரக் கொட்டகை. மீனவங்களுக்கு வீடு குடுத்துட்டாங்க, அளத்துல வேல செய்யறவங்களுக்கு ரெண்டாவது லிஸ்ட்டுன்றாங்க, அது எப்ப வருமோ. எங்கயுமே நமக்குன்னு ஒண்ணு இல்ல. அப்பாவுக்காச்சும் ஒரு இடம் நிலையா இருக்கட்டுமே... அதுக்குக்கூட உனக்கு மனசு வரலியா?"

அவன் குரல் உடைந்தது. சவரியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடலாமா? சொல்லிவிட்டால்தான் என்ன?

அந்த நேரம் பார்த்துத் தகரக் கதவு கிரீச்சிட்டது. ராசம்மாள்.

மதலைமுத்துவின் அக்கா. பக்கத்துக் கொட்டகை. இரண்டு கொட்டகைக்கும் நடுவில் ஒரே தகரம். இங்கே தும்மினால் அங்கே 'நூறு ஆயுசு' என்பாள். ஒரே பிள்ளை சூசை, படகில் கூலிக்குப் போனவன், அலை வந்த காலையில் கடலில் இருந்தான். படகும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் நாக்கு அரிவாள் ஆகிவிட்டது. சவரியம்மாள் திருப்பிப் பேசியதே இல்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் பேசட்டும் என்று விட்டுவிடுவாள்.

"மனசு எப்படிடா வரும்?" என்றாள் ராசம்மாள், நின்றபடியே. "என் தம்பிய மண்ணுக்குள்ள வெச்சதோட சரி. அதுக்கப்புறம் இவளுக்கு அந்தக் கல்லறையில வேற வேல இருக்குது."

"அண்ணி..."

"இன்னா அண்ணி? போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மறுநாளு. நான் ஜெபமால சொல்லலாம்னு போனேன். என் தம்பி குழிகிட்ட இவளும் ஒரு ஆம்பளையும். வெள்ளை வேட்டி, முண்டாசு, நெத்தி நிறைய துன்னூறு. அவன் அழுவறான், இவ தேத்தறா. போகும்போது ஒரு மூட்ட வேர்க்கடல குடுத்துட்டுப் போறான். இவ முந்தானையில வாங்கிக்கறா."

"இன்னாம்மா இது?" பெலவேந்திரன் மெல்லக் கேட்டான். "யாரு அது?"

அவள் வாய் திறந்தாள். ராசம்மாள் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"இப்ப சொல்றதுக்கு இல்லப்பா."

"பாத்தியா? வாய்ல கொழுக்கட்ட."

"அத்த, நீ கொஞ்சம் சும்மா இரு... அம்மா, நான் கேக்கறேன். ஒரே ஒரு வார்த்த சொல்லு. யாரு?"

"உங்கப்பா மேல ஆணையா சொல்றேன், நான் எந்தத் தப்பும் பண்ணல. அதுக்கு மேல கேக்காத ராஜா."

அவன் எழுந்தான். பிறகு சட்டையை மாட்டினான்.

"நான் வெள்ளிக்கிழமை கிளம்பறேம்மா. கல்லறையக் கட்டிட்டு என் கடமைய முடிச்சிக்கறேன். அதுக்கப்புறம் நீ யாருகிட்ட வேணும்னாலும் பேசு, யாருகிட்ட வேணும்னாலும் கடல வாங்கிக்க... போன் பண்ணி நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

போய்விட்டான். டீ அப்படியே இருந்தது. அவள் அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள். இன்னும் ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்து குடிப்பான் என்பதுபோல.

ராசம்மாள் பார்த்த அந்த ஆள் பெயர் ராமதாஸ். பெருமுக்கல் பக்கத்து விவசாயி.

அலை வந்த மூன்றாம் நாள், உப்பளத்து வாய்க்காலில், சரிந்து கிடந்த ஓலைக்கு அடியில் அந்தப் பெண்ணைச் சவரியம்மாள்தான் கண்டாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். கையில் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு உடையாமல் இருந்தன. இந்த ஊர்ப் பெண் இல்லை. பொதுக்குழியை முந்தின நாளே மூடிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. நம் ஊர்ப் பிணத்துக்கே இடம் போதாதபோது வெளியூர்ப் பிணம், அதுவும் ஞானஸ்நானம் வாங்காத பிணம், ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டத்தோடு புதைத்தவர்களின் வெறி அது. யாரையும் குறை சொல்ல முடியாது.

அவள் உபதேசியாரிடம் போனாள். கோயில் வேலையே வாழ்க்கையாக இருந்த கிழவர். இரண்டு நாளாக ஜெபம் சொல்லிச் சொல்லிக் குரல் போயிருந்தது அவருக்கு.

"ஊரு தோட்டத்துலதான வெக்கக் கூடாது? எங்க குடும்பக் குழியில வெக்கலாம் இல்ல?" என்று கேட்டாள்.

அந்த ஊர்க் கல்லறையில் அதுதான் வழக்கம். ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. ஐந்து வருஷம் கழிந்தால் அதே குழியைத் திறந்து அடுத்தவரை வைப்பார்கள். மதலைமுத்து இறந்து அப்போது ஆறு வருஷம். அவருக்கு அடுத்த இடம் சவரியம்மாளுக்கு. அந்த இடத்தைத்தான் அவள் தூக்கிக் கொடுத்தாள்.

"உன் இடம்மா அது..."

"எனக்கு இன்னும் நாள் கிடக்குதுங்க. இவளுக்கு இன்னிக்கே வேணும். அவரு வேணாம்னு சொல்ல மாட்டாரு."

விடியும் நேரத்தில், ஊர் விழிக்கும் முன், கிழவரும் அவளுமாக வெட்டினார்கள். இடுப்பளவுக்குக் கீழே போனால் தண்ணீர் ஊறும் மண். பாயில் சுற்றி, இரண்டடி ஆழத்தில்தான் வைக்க முடிந்தது. தண்ணீரில் ஊறின உடம்பு என்று அளத்துக் குவியலில் மிஞ்சியிருந்த உப்பைக் கூடையில் கொண்டுவந்து மேலே கொட்டினாள். பச்சை வளையல் ஒன்றைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான்கு மாதம் கழித்து ராமதாஸும் அவர் மனைவி அருக்காணியும் மகளின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினார்கள். வளையலைப் பார்த்ததும் அருக்காணி உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஜுரம்மா அன்னிக்கி. கீர விக்கற கூடைய நான் தூக்க வேண்டியது. அவ தூக்கிக்கினு வந்தா..." குழியைக் காட்டியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஊருக்குத் தெரிஞ்சா எடுத்துப் போட்டுடுவாங்களாம்மா?"

"நான் இருக்கற வரைக்கும் யாரும் கை வெக்க மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எம் புள்ளகிட்டகூட" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள் சவரியம்மாள்.

உபதேசியார் போன சித்திரையில் இறந்துபோனார். இப்போது ஊரில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ரெண்டடி, ரெண்டரை அடி என்கிறான் மகன்.

அவள் கொட்டகையைச் சாத்தாமல்கூட ஓடினாள்.

கல்லறைத் தோட்டத்தில் அன்று கூட்டம். மறுநாள் திருநாள் அல்லவா? ஆளாளுக்குத் தங்கள் குழியில் புல் பிடுங்கிக்கொண்டும் மண் அணைத்துக்கொண்டும் இருந்தார்கள். கொத்தனார் சுப்ராயன் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு முடித்துக் கடப்பாரையைக் கையில் எடுத்திருந்தார். பெலவேந்திரன் செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தான். ராசம்மாள் குடைக்குக் கீழே நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

சவரியம்மாள் கோட்டைத் தாண்டிப் போய் மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, இன்னாம்மா இது? எழுந்துரு, அளவு அழியுது" என்றார் சுப்ராயன்.

"அழியட்டுங்க."

"பெலவேந்திரா, வந்து பாருப்பா. நான் வீடு இடிக்கப் போனப்போ வூட்டுக்காரங்க குறுக்க உக்காந்து பாத்துருக்கேன். கல்லறை கட்டறதுக்கு உக்காந்து இப்பதான் பாக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். பெலவேந்திரனின் முகம் கறுத்தது.

"எழுந்துரும்மா. ஊரே பாக்குது. மானத்த வாங்காத."

"இங்க தோண்டக் கூடாதுப்பா."

"ஏன்? அதச் சொல்லு."

சுற்றிலும் தலைகள் திரும்பிவிட்டன. புல் பிடுங்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சவரியம்மாள் அருக்காணியின் கையை நினைத்தாள். அந்தக் கையில் அடித்துச் சொன்ன வார்த்தையை நினைத்தாள். சொன்னால் வார்த்தை போகும். சொல்லாவிட்டால் கடப்பாரை அந்தப் பெண்ணின் மேல் இறங்கும். கர்த்தரே, இரண்டில் எது பாவம்?

"உங்கப்பா தனியா இல்லப்பா இங்க" என்றாள்.

"இன்னா?"

"ஒரு பொண்ணு இருக்குது கூட. மேல. ரெண்டடியில... நான்தான் வெச்சேன்."

அவள் சொல்லிவிட்டாள். வாய்க்காலையும், ஓலையையும், வளையலையும், உப்பையும் சொன்னாள். ராமதாஸையும் வேர்க்கடலையையும் சொன்னாள். அழவில்லை. யாரையும் பார்க்கவுமில்லை. இரண்டு உள்ளங்கையையும் மேட்டின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, மண்ணிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

சுப்ராயன் கடப்பாரையைச் சத்தமில்லாமல் தரையில் படுக்க வைத்தார்.

முதலில் பேசியவர் ஊர்ப் பெரியவர் ஒருவர். "அது எப்படி? ஊர் தீர்ப்புன்னு ஒண்ணு இருந்ததில்ல? வேற ஊரு, வேற சாமி. இன்னிக்கி ஒண்ண விட்டா..."

"எங்க குடும்பக் குழிங்க அது."

"குடும்பக் குழின்னா? குடும்பத்துக்குத்தானம்மா? நம்ம ஜனங்களுக்கே இடம் இல்லாம இருக்கும்போது... ஃபாதர்கிட்ட சொல்லி எடுத்துட வேண்டியதுதான். கோவிச்சிக்காத."

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். சவரியம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் செங்கல் ஒன்றைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். ராசம்மாளின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இனி அந்த வாய் திறக்கும். ஊர் முழுக்கக் கேட்கும்.

குடை கீழே விழுந்த சத்தம் கேட்டது.

ராசம்மாள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். சவரியம்மாளுக்கு எதிரில் மண்ணில் மண்டி போட்டாள்.

"மூணாம் நாளா கண்டே அவள?"

"ஆமாம் அண்ணி."

"மூஞ்சி தெரிஞ்சுதா?"

"...தெரிஞ்சுது."

"தொட்டியா? கையால தொட்டியா, இல்ல கொம்புல கிம்புல இழுத்தியா?"

"மடியில போட்டுக்கினுதான் அண்ணி சேத்தக் கழுவுனேன். தலைய வாரி விட்டேன்."

ராசம்மாளின் உதடு கோணியது. நெஞ்சில் கை வைத்தாள். இரண்டு வருஷமாக இந்த ஊரில் யாரும் பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. அவள் அழுதாள்.

"எம் புள்ள எந்தக் கரையில ஒதுங்குனானோ... எந்த ஊரோ, எந்த பாஷையோ... அங்கயும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாளா சவரி? சேத்தக் கழுவி இருப்பாளா? இல்ல ஊர் தீர்ப்புன்னு தூக்கிப் போட்டிருப்பாங்களா..."

"இருந்திருப்பா அண்ணி. கட்டாயம் இருந்திருப்பா."

"ஒரு வருஷமா உன்ன நான் இன்னா இன்னா பேசினேன்... ஊருபூரா பேசினேனே. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியேடி நீ... அந்த வேர்க்கடலையில பாதிய எனக்குத்தான குடுத்த! அதையும் தின்னுட்டுப் பேசினேனே..."

சவரியம்மாள் கைகளை நீட்டினாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அந்த மேட்டின் மேல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இரண்டு வருஷத்து அழுகை.

பிறகு ராசம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். பெரியவரைப் பார்த்துத் திரும்பினாள். பழைய ராசம்மாள்தான்.

"யாரு எடுக்கறது? வரச் சொல்லு, பாக்கறேன். இது எங்க அப்பன் குழி, என் தம்பி குழி. நாங்க யார வேணா வெப்போம். வேற ஊராம், வேற சாமியாம். உனக்கு இதான் சொந்த ஊரா? எழுதிக் குடுத்திருக்காங்களா? கடல் வந்தப்போ உன் பத்திரத்தப் பாத்துட்டா வந்துது? போய்யா, போய்ப் புல்ல புடுங்கு."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். "நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப..." என்று முனகியது மட்டும் கேட்டது. சுப்ராயன் செங்கல்லின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

பெலவேந்திரன் அம்மாவின் அருகே வந்து குந்தினான். அவள் காலைத் தொடப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டது தப்பும்மா. காலையில... அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"மத்தவங்க சொன்னா நம்பறது சுலபம்ப்பா. நீ அங்க ஒண்டியா கிடந்து என்ன நெனச்சி நெனச்சி பயந்தவன். உன் மேல எனக்குக் கோவமில்ல."

"என்கிட்ட போன்லயாவது சொல்லியிருக்கலாமே."

"வார்த்த குடுத்துட்டேனே. இப்ப அதையும் மீறிட்டேன். திருநாளுக்கு அருக்காணி வருவா, மொதல்ல அவ கால்ல விழணும்."

அவன் மண்ணை ஒரு பிடி அள்ளி, சுண்ணாம்புக் கோட்டின் மேல் போட்டுத் தேய்த்தான்.

"அந்தப் பொண்ணு பேரையும் கல்லுல வெட்டச் சொல்லட்டா?"

"பேரு வெட்டின கல்லு எதுக்குப்பா? ரெண்டு பேரும் இங்க கொஞ்ச நாள் தங்க வந்தவங்கதான். மேலேர்ந்து கூப்பிடறவருக்குப் பேரு தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா உனக்கு ஒண்ணு வேணும், இல்ல? கையால தொட்டுப் பாக்கறதுக்கு. அந்த மரச் சிலுவ உளுத்துப்போச்சு. தேக்குல ஒண்ணு செஞ்சு நடு. அதுக்கு ஒரு முழம் தோண்டினா போதும், தலைமாட்டுல. அங்க யாருமில்ல."

அன்று சாயங்காலத்துக்குள் பெலவேந்திரன் மரக்காணத்துக்குப் போய்ச் சிலுவை செய்துகொண்டு வந்தான். சுப்ராயன் கூலி வாங்கிக்கொள்ளாமல் நட்டுக் கொடுத்தார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். மழை விட்டிருந்தது. தோட்டம் முழுவதும் மெழுகுவர்த்தி. வெள்ளை வேட்டியும் முண்டாசுமாக ராமதாஸும், ஒரு கூடை சாமந்தியோடு அருக்காணியும் பயந்து பயந்து வெளிவாசலிலேயே நின்றார்கள். போன வருஷம் கூட்டமெல்லாம் கலைந்து மறுநாள் வந்தவர்கள். பெலவேந்திரன் நேற்று பெருமுக்கலுக்கு ஆள் அனுப்பி, இன்றே, எல்லோரும் இருக்கும்போதே வரச் சொல்லியிருந்தான்.

சவரியம்மாள் ஓடிப்போய் அருக்காணியின் கையைப் பிடித்தாள்.

"சொல்லிட்டேம்மா. ஊருக்கே சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடு."

அருக்காணிக்கு முகம் வெளுத்தது. "எடுக்கச் சொல்லிட்டாங்களா?"

"இல்ல. உள்ள வா."

உள்ளே ஃபாதர் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டுப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். குடும்பத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டுகள். அந்தோணி. மரிய செல்வம். மதலைமுத்து. பெயர் வரும்போது அந்தந்தக் குடும்பம் சிலுவை போட்டுக்கொண்டது. பிறகு ஃபாதர் ஒரு கணம் சீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தெளிவாகப் படித்தார்.

"அஞ்சலாட்சி."

அருக்காணி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அந்த ஊரில், அத்தனை பேர் முன்னால், அவள் மகளின் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்கிறார். ராமதாஸ் முண்டாசை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டார். சவரியம்மாளுக்குப் புரியவில்லை. பெயர் எழுதிக் கொடுத்தது யார்? மகனைப் பார்த்தாள். அவன் அத்தையைக் கண்ணால் காட்டினான்.

குழியின் பக்கத்தில் ராசம்மாள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஃபாதர் படித்த அடுத்த பெயர் சூசை. இரண்டு வருஷமாக யாரையும் எழுத விடாமல் வைத்திருந்த பெயர். அவள் குனிந்தபடி சிலுவை போட்டுக்கொண்டாள்.

கூடையைப் பிடித்தபடி தயங்கி நின்ற அருக்காணியைப் பார்த்தாள். மெழுகுவர்த்திகளைப் பாயின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். தன் உடம்பையும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"வாம்மா, இப்படி உக்காரு. இடம் இருக்குது."